மகசீனுக்குச் சந்தனம்

ஊலி சுர்புக்கனின் நீண்ட குழல் துவக்கு அவருடைய விடுதியின் நடையில், குடைகள் வைக்கும் மூலையில் நின்றது. துன் ஏரிக்கரையிலிருந்த அந்த விடுதிக்கு வந்து சேர்ந்த அன்றே மனோகரி அதைக் கண்டுவிட்டாள். கண்டதும் கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டுக் குசினிக்கு ஓடினாள். யாழ்ப்பாணத்தில் துவக்கைக் கண்டால் ஓடிப் பழகிய கால்கள் வேறென்ன செய்யும்?

குசினியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அவள் கணவன் பத்மநாதன் சிரித்தான்.

"அது ஆமி குடுத்தது. இஞ்ச ஆம்பிளையள் எல்லாரும் ஆமிதான். துவக்கை வீட்டிலை கொண்டுவந்து வைச்சிருப்பினம். வருசா வருசம் குறி மட்டையிலை சுட்டுக் காட்டோணும்."

"மட்டையிலை மட்டுமோ?"

"ஓம், மட்டையிலை மட்டும்."

மனிதரைச் சுடாத துவக்கும் உலகத்தில் உண்டு என்பதை நம்ப அவளுக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது. பிறகு அதுவும் ஒரு குடை மாதிரி ஆகிவிட்டது. நடையைக் கூட்டும்போது அதன் அடியில் சேரும் தூசியையும் கூட்டி எடுப்பாள்.

ஊலி ஐம்பதை நெருங்குகிற, மலைபோன்ற மனிதர். வார்த்தைகளைச் செலவழிக்க அவருக்கு மனமே வராது. அகதிகள் என்று வந்த இருவருக்கும் வேலையும் மேல்மாடியில் ஓர் அறையும் கொடுத்தபோது ஊருக்குள் முணுமுணுப்பு எழுந்தது. அதிலே உரத்த குரல் சீஸ் காய்ச்சும் ஃபிரிட்ஸுடையது. "இன்றைக்கு இரண்டு பேர், நாளைக்கு ஒரு கிராமமே வரும்" என்று ஊலியின் விடுதியிலேயே இருந்து, ஊலியின் பியரையே குடித்துக்கொண்டு சொன்னார். ஊலி குசினிக்குப் போனார். ஃபிரிட்ஸ் கேட்டிருந்த சூப்பைப் பத்மநாதனின் கையாலேயே கொடுத்தனுப்பினார். ஃபிரிட்ஸ் குடித்தார், மிச்சமும் வைக்கவில்லை.

ஆனால் அகதி வழக்குக்குத் தலைநகர் பேர்ணிலிருந்து இன்னும் முடிவு வரவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருவரையும் விட்டு ஒருநாளும் போனதில்லை. சின்னப் பிழை ஒன்றும் பெயரில் விழக்கூடாது என்பது பத்மநாதனின் தாரக மந்திரம். வீதி வெறிச்சென்று கிடந்தாலும் பச்சை விளக்கு எரியாமல் கடக்க மாட்டான்.

எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர்காலம். அந்த ஊரில் ஒவ்வொரு அக்டோபரிலும் துவக்குச் சூட்டுச் சங்கத்தின் கடைசிப் போட்டி நடக்கும். வெல்பவர் அந்த வருடத்துச் சூட்டு ராஜா. ஃபிரிட்ஸ் வருடம் தவறாமல் ராஜாவாகிக்கொண்டிருந்தார். ஊலியோ வருடம் தவறாமல் இரண்டாவது. தோற்றுவிட்டு வரும் அந்த ஞாயிறு இரவுகளில் அவர் வழக்கத்தைவிட இன்னும் குறைவாகத்தான் பேசுவார் என்று அவருடைய மனைவி பத்மநாதனிடம் சொல்லியிருந்தாள்.

போட்டிக்கு முதல் நாள் ஆயுத பூசையாக அமைந்தது யார் செய்த சதியோ தெரியாது. மனோகரி பின்னேரமே தலைக்குக் குளித்து, நாட்காட்டியில் வெட்டிய சரஸ்வதி படத்துக்கு முன்னால் தம்பதியின் ஆயுதங்களை அடுக்கினாள். பத்மநாதனின் கத்திகள், பெரிய அகப்பை, அவளுடைய இஸ்திரிப்பெட்டி. தூசி உறிஞ்சும் இயந்திரம் மேசையில் கொள்ளாததால் கீழே நின்றது. சூரிச் கடையில் வாங்கிய சந்தனத் தூளைக் குழைத்தபோது தண்ணீர் கூடிவிட்டது. பரவாயில்லை என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. விளக்கு அணைக்கக் கீழே வந்தவள், சாப்பாட்டு அறை மேசையில் ஊலியின் துவக்கைக் கண்டாள். அவர் அன்று முழுக்க அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டி, தோட்டா போடும் மகசீனைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மகசீன் வெறுமையாய் இருந்தது. மனோகரி யோசித்தாள். அகப்பைக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் பொட்டு வைத்துவிட்டு, வீட்டில் உள்ள ஒரே உண்மையான ஆயுதத்தை விட்டுவிட்டால் சாமி என்ன நினைக்கும்? அதுவும் நாளைக்கு அந்த மனிதர் வெல்லவேண்டிய நாள்!

துவக்கின் பிடிக்கு அடியில், கண்ணில் படாத இடமாய்ப் பார்த்து ஒரு பொட்டு வைத்தாள். மகசீனுக்கு எங்கே வைப்பது? சாப்பிடுவது வாயால்தானே. அதன் வாயில் தாராளமாய் ஒரு விரல் சந்தனம் வைத்தாள். அது உள்ளே வழிந்ததை அவள் கவனிக்கவில்லை. நிறைந்த மனதோடு மாடிக்குப் போய்ப் படுத்தாள்.

ஊலி அதிகாலையில், கண்ணாடி போடாமல், அவசரமாகத் தோட்டாக்களை அடைத்துக்கொண்டு போனார்.

விடுதிக்குப் பின்னாலேயே சூட்டுக் கொட்டகை. மனோகரி கோப்பித் தட்டோடு அங்கே போன நேரம் ஊலி படுத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சூடு நன்றாகப் போனது. ஒன்றைச் சுட்டதும் அடுத்த தோட்டா தானாக மேலே ஏறி வரவேண்டிய துவக்கு அது. இரண்டாவது முறை விசையை இழுத்தபோது "டிக்" என்ற சத்தம் மட்டும் கேட்டது. தோட்டா வரவேயில்லை. கைப்பிடியை இழுத்து விட்டார். இந்த முறை தோட்டா கோணலாய் வந்து மூக்கை இடித்துக்கொண்டு நின்றது.

"என்னுடைய மகசீனைத் தரட்டுமா?" என்று ஃபிரிட்ஸ் பக்கத்தில் படுத்தபடியே நீட்டினார். உதவிதான், ஆனால் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நீட்டினால் யார் வாங்குவார்கள்?

"என் துவக்கு, என் மகசீன்" என்றார் ஊலி. சங்கத் தலைவர் பெரிய மனது பண்ணி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி சுடலாம், அதற்குள் சரிசெய்துகொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

சாப்பாட்டு அறை மேசையில் துவக்கு மறுபடி துண்டு துண்டானது. ஊலி ஒவ்வொரு தோட்டாவையும் மேசையில் உருட்டி, வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கியை நகத்தால் தட்டினார். குழலை வெளிச்சத்துக்குப் பிடித்தார். சுருள்வில்லை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். எல்லாம் சரி. நேற்றுக் கழற்றியபோது தானே எதையோ பிழையாய்ப் பூட்டிவிட்டதாக நினைத்து நெற்றியைக் குத்திக்கொண்டார். மகசீனை மட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதை அவரே துடைத்து, அவரே வைத்தது. அதில் என்ன வரப்போகிறது?

சூப் கொண்டுவந்த மனோகரிக்கு, எண்ணெய் வாசத்துக்கு நடுவே சந்தனம் மணத்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபட்டது. குசினிக்குப் போய்க் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பத்மநாதன் குசினிக் கதவைச் சாத்தினான்.

"ஆமின்ரை துவக்கிலை கை வைச்சனியோ? உனக்கென்ன விசரோ? பேசாமல் இரு. பொலிசுக்குப் போனால் எங்கடை வழக்கு அவ்வளவுதான். பிளேன் ஏத்திப்போடுவாங்கள்."

"அந்த மனிசன் தன்னிலைதான் பிழை எண்டு நெத்தியிலை குத்துது. நான் எப்பிடிப் பேசாமல் இருக்கிறது? நான் சொல்லப்போறன். நீங்கள் வந்து மொழிபெயருங்கோ, இல்லாட்டி என்ரை டொச்சிலை நானே சொல்லுவன்."

அவளுடைய ஜெர்மன் மொழியைப் பற்றி அறிந்தவனாகையால் பத்மநாதன் பின்னால் ஓடினான்.

மனோகரி கிண்ணத்தை மேசையில் வைத்தாள். சந்தனம் காட்டினாள், மகசீன் காட்டினாள், தன் விரலைக் காட்டினாள். ஊலி மகசீனை எடுத்து, தோட்டாவை மேலே தள்ளும் தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார். அது கீழே போனது. விரலை எடுத்தார். தகடு பாதி வழி ஏறி, களைத்துப்போனதுபோல் நின்றுவிட்டது.

அவர் அடித்தட்டைக் கழற்றி, சுருள்வில்லை வெளியே இழுத்தார். உள்சுவரில் சந்தனம் காய்ந்து பொருக்காய் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

பத்மநாதன் திக்கித் திணறிச் சொன்னான். வருடம் முழுக்கச் சோறு போடும் கருவிகளுக்கு ஒருநாள் மரியாதை செய்வது எங்கள் வழக்கம், அவர் வெல்லவேண்டும் என்றுதான் செய்தாள், மன்னிக்கவேண்டும், அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டாம்.

ஊலி நகத்திலிருந்த பொருக்கைத் துணியில் துடைத்தார்.

"வேறு எதற்கெல்லாம் வைத்தாள்?"

"என் கத்திகளுக்கு. தூசி உறிஞ்சிக்கு."

"கத்தி வெட்டுகிறதா?"

"வெட்டுகிறது."

"தூசி உறிஞ்சி?"

"உறிஞ்சுகிறது."

"அப்படியென்றால் கெட்டது என்னுடையது மட்டுந்தான்" என்றவர், தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. சத்தம் கேட்டு அவருடைய மனைவியே ஓடிவந்தாள். மனோகரிக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மனோகரி சுடுதண்ணீரும் பழைய பல்துலக்கியும் கொண்டுவந்து மகசீனின் உள்சுவரைத் தேய்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தார்கள். ஊலி துணியில் எண்ணெய் தொட்டு, பூசியதும் தெரியாத அளவுக்கு ஒரு துடை துடைத்துப் பூட்டினார். தகட்டை அமுக்கி விட்டதும் அது துள்ளி ஏறியது. துவக்கைத் தூக்கியபோது பிடியின் அடியிலிருந்த பொட்டு தெரிந்தது. பத்மநாதன் பதறிப்போய்த் துணியோடு பாய்ந்தான். ஊலி துவக்கை இழுத்துக்கொண்டார்.

"அதை விடு. அது மகசீனில் இல்லையே."

பின்னேரம் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. மனோகரி குசினி யன்னலில் நின்று, ஒவ்வொரு சூட்டுக்கும் "போ ராசா, போ" என்றாள். யாழ்ப்பாணத்தவள் ஒருத்தி துவக்குச் சத்தத்துக்கு அப்படிச் சொன்னதை இப்போது சொன்னாலும் நம்பமாட்டார்கள். அந்த வருடத்துச் சூட்டு ராஜா ஊலி சுர்புக்கன். இலை மாலையைத் தொப்பியில் சுற்றிக்கொண்டு வந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சந்தனக் கதையைச் சொன்னார். இருந்த சொற்களை எல்லாம் அன்றைக்கே செலவழித்துவிட்டார் போலும்.

அடுத்த வருடமும் ஆயுத பூசை வந்தது. பேர்ணிலிருந்துதான் ஒன்றும் வரவில்லை. இந்த முறை ஊலியே துவக்கை மாடிக்குக் கொண்டுவந்து, பொட்டு வைக்கவேண்டிய இடத்தை விரலால் காட்டி வைத்துவிட்டுப் போனார். மகசீனைத் தன் காற்சட்டைப் பைக்குள் பத்திரமாய் வைத்திருந்தார்.

அன்று பின்னேரம் குசினியின் பின்கதவில் தட்டும் சத்தம். மனோகரி கிண்ணமும் கையுமாகத் திறந்தாள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஃபிரிட்ஸ் நின்றார். அவருடைய துவக்கு கம்பளித் துணியில் சுற்றியிருந்தது.

"அந்த மஞ்சள் சாமான்" என்றார், அவளுக்கு விளங்கட்டும் என்று மெதுவாக. "எனக்கும் கொஞ்சம்." மகசீனையும் கழற்றி, வாயைத் திறந்தபடி நீட்டினார்.

மனோகரி ஒரு கணம் அந்த வாயைப் பார்த்தாள். ஆசையாய்த்தான் இருந்தது. நல்ல பிள்ளையாய்த் துவக்கின் பிடிப்பக்கம் விரலைக் கொண்டுபோனாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து ஊலியின் குரல் வந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு வாசலை நிறைத்து நின்றார்.

"அது எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும்."

ஃபிரிட்ஸ் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளேயிருந்து பத்மநாதன் கையைத் துடைத்தபடி வந்தான்.

"என்னவாம்? முதலாளி என்ன சொன்னவர்?"

யாரும் மொழிபெயர்க்காமலே அது அவளுக்கு விளங்கியிருந்தது. கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "பொறுங்கோ, சொல்லுறன்" என்றாள்.