ருசியாக வைத்த தப்பு

கரும்பு வெட்டிவிட்டு வந்த அஞ்சலாட்சிக்குக் கையைத் தூக்கவே முடியவில்லை. ஆனாலும் அடுப்பை யார் மூட்டுவது? சங்கராபுரம் சந்தையில் கருவாட்டுக்காரம்மா, சாக்கின் அடியில் உதிர்ந்து கிடந்த தூளைச் சும்மாவே அள்ளிக் கொடுத்திருந்தாள். அதை வெறும் சட்டியில் வறுத்தெடுத்து, ரேஷன் எண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதக்கி, புளியைக் கரைத்து ஊற்றினாள். குழம்பு கொதித்ததும் தெருவே மணத்தது.

அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டாள்.

"இன்னாம்மா போட்ட இதுல? இன்னும் கொஞ்சம் சோறு வையி" என்றாள் மகள் தேவதர்ஷினி. புருஷன் பாவாடை மூன்றாம் தடவையாகத் தட்டை நீட்டினான். பானையில் இருந்தது தினமும் அளந்து போடுகிற அதே அரிசிதான். குழம்பு சப்பென்று இருக்கிற நாட்களில் மூன்று பேருக்கும் அது போதும்.

"நாளைக்கும் இதே கொழம்பு வையி" என்று சொல்லிவிட்டுப் பாவாடை கை கழுவப் போனான்.

"வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டா, சோத்துக்கு நான் எங்க போவேன்?" என்று முனகினாள் அஞ்சலாட்சி. நாளைக்கு உப்பையும் புளியையும் குறைத்துவிடுவதென்று முடிவு கட்டினாள். பானையில் ஒட்டியிருந்த ஒரு பிடி சோற்றைச் சுரண்டி, குழம்புச் சட்டியிலேயே போட்டுப் பிரட்டி வாயில் வைத்தாள்.

பாழாய்ப்போன நாக்கு, அவளுக்கும் இன்னொரு பிடி கேட்டது.