காய் பார்த்த கண்கள்

ஏலக்காய்க்குக் கால் முளைத்தாலும் கற்பகத்தின் சுளகை விட்டுத் தப்பிவிட முடியாது. வெடித்த காய், நிறம் செத்த காய், பூச்சி துளைத்த காய் எல்லாம் அவள் விரல் பட்டதும் ஓரம் போய்விடும். போடிநாயக்கனூரில் நாகூர் கனியின் கிட்டங்கியில் காய் பிரிக்கும் பெண்களில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

நாகூர் கனி நல்ல மனிதர். பெண்கள் அலுப்புத் தெரியாமல் வேலை பார்க்கட்டும் என்று சுவரில் பெரிய டீவி ஒன்றை மாட்டிவிட்டார். கரும்பு தின்னக் கூலியா என்று எல்லோருக்கும் குஷி. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும், லீவு நாளென்றால் காலையிலேயே, அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே வந்துவிடுவார்கள். கற்பகத்தின் மகள் பவிஷா ஒன்றாம் வகுப்பு. கையில் ஒரு பன்னைக் கொடுத்துக் காலிச் சாக்கில் உட்கார வைத்தால், அம்மா எழுந்திருக்கும்வரை அசையமாட்டாள்.

"அந்த டீவி மட்டும் இல்லேன்னா இந்த வாலுகளை யாரு மேய்க்கிறது?" என்பாள் பக்கத்துச் சுளகுக்காரி அனுசியா.

"அது புண்ணியம் கட்டிக்கிருச்சுக்கா" என்பாள் கற்பகம். மனசாரத்தான் சொல்வாள்.

அவள் புருஷன் சின்ராசுவுக்கு மலைமேல் ஏலத் தோட்டத்தில் வேலை. திங்கட்கிழமை ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவான். இறங்கியதும் நேரே கிட்டங்கிக்கு வந்து மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவது வழக்கம்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தான். ஒரு கையில் பிள்ளைக்கு வாங்கிய கொய்யாப்பழம். மறு கையில், பட்டறையில் தீட்டக் கொண்டுவந்த, கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி.

"ஏ ஆத்தா, வெரசா வா! அப்பா வந்திருக்கேன்ல!"

பவிஷா எழுந்தாள். கத்தியைப் பார்த்தாள். வீலென்று அலறிக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தாள்.

"அம்மா, ஓடி வந்துரு! அப்பா நம்மளக் கொல்ல வந்துருக்காரு!"

சின்ராசு கத்தியைக் கீழே போட்டுவிட்டு அருகில் போனான். போகப் போகப் பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். அவன் முகம் செத்துப்போயிற்று. கற்பகத்தின் பக்கம் திரும்பினான்.

"நான் இல்லாதப்ப எம் பிள்ளைகிட்ட என்னடி சொல்லி வச்சிருக்க?"

"ஆத்தா சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலைங்க!"

"பெத்த பிள்ளை பயந்து ஓடுற வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்? இனிமே மலையிலயே கெடக்கேன்." வாசலுக்குப் போனவன் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெண்களுக்கு டீ கொண்டுவந்த நாகூர் கனியின் மனைவி ஷம்னா, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அதட்டவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அப்பா அப்பிடிச் செய்வாருன்னு யாரு கண்ணு சொன்னா?"

பவிஷா டீவியை நோக்கி விரலை நீட்டினாள். "அதுல ஒரு அப்பாவும் மொதல்ல பழம்தான் பெரியம்மா குடுத்தாரு. பெறகு கத்திய எடுத்தாரு. நெசமா நடந்ததுன்னு சொன்னாங்க."

கற்பகம் நிமிர்ந்து பார்த்தாள். எங்கெங்கோ நடந்த கொலைகளை நடித்துக் காட்டும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒருவன் மனைவியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போனான், தரையெல்லாம் ரத்தம். தினமும் இந்த நிகழ்ச்சியைக் கற்பகம் கேட்டிருக்கிறாள், பார்த்ததில்லை. காய் பிரிக்கிறவள் சுளகை விட்டுக் கண்ணை எடுக்க முடியுமா? பெண்களுக்கு அது வெறும் சத்தம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகள் மட்டும்தான்.

சத்தம் கேட்டு வந்த நாகூர் கனி தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! வேலை ஓடட்டும்னு நான்தான மாட்டுனேன்." அவரே போய் டீவியை நிறுத்தினார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட சின்ராசுவுக்கு, கற்பகத்தின் மேல் தப்பில்லை என்று புரிந்தது.

திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகளுக்குக் கிட்டங்கியை ஒட்டிய ஷம்னாவின் வீடுதான். தாயம், கலர் பென்சில், கொஞ்ச நேரம் டீவி. அதுவும் ஷம்னா கூடவே உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு ஏற்றதாகப் பார்த்து வைப்பாள். கிட்டங்கியில் ரேடியோப் பாட்டோடு சரி.

சின்ராசுவும் மலையிலேயே கிடந்துவிடவில்லை. கத்தியை அங்கேயே வைத்துவிட்டு வாராவாரம் வந்தான். பழத்தை வைத்துவிட்டுத் தள்ளியே உட்காருவான். பயம் உள்ளே வந்த வேகத்தில் வெளியே போகுமா? பல வாரம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை பவிஷாவே மெல்ல வந்தாள்.

"கத்தி கொண்டாந்தீங்களா?"

சின்ராசு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அவள் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு அவன் தோளில் ஏறிக்கொண்டாள்.

கற்பகம் ஷம்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க கேக்கலேன்னா எங்க குடும்பமே செதறிப் போயிருக்கும்க்கா. இதுக்கு என்ன கைம்மாறு செய்யப் போறேன்?"

"எனக்கென்னத்துக்கு? மனசுல பூட்டி வைக்காம வாயத் தொறந்து சொன்னா பாரு, ஒம் மக, அவளக் கொண்டாடு."

கற்பகம் மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "யாரோ குடிக்கிற டீயில போடுற காயில ஒரு சொத்தை விடாமப் பாக்குறோம். பெத்த பிள்ளை கண்ணுக்குள்ள என்ன போகுதுன்னு ஒருநாளாச்சும் பாத்தமா? டீவி பிள்ளைய மேய்க்காது. நாமதான் கூட உக்காந்து, ஆகுறத வச்சு ஆகாததத் தள்ளணும்."

அனுசியா சுளகைக் கீழே வைத்துவிட்டு, தன் மகன் என்ன பார்க்கிறான் என்று பார்க்க ஷம்னாவின் வீட்டுக்குள் போனாள்.