ருவோனா வீட்டு ஏற்றம்

டார்லா நீமி வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். பனி கொட்டும் டிசம்பர் முதல் வாரத்தில் அவளுடைய கார் காலுமெட் ஊருக்கு வெளியே நின்றது நின்றதுதான். மறுநாள் காலையே கிளைடு ஹார்யுவின் பழைய கார் கடைக்கு வந்துவிட்டாள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், இன்றைக்கே வேண்டும்.

கிளைடு அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பளபளக்கும் சிவப்பு வண்டி ஒன்றைக் காட்டினான்.

"உள்ள ஏறிப் பாரு. சீட்டே சூடாகும். ராணி மாதிரி போகலாம்."

டார்லா ஏறவில்லை. குனிந்து டயர்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"ஏம்பா, மூணு டயர் மொட்டை, ஒண்ணு மட்டும் புதுசு. நாலும் ஒரே அளவுல சுத்தணும்ல? இப்படியே ஓட்டியிருந்தா உள்ள பல்சக்கரமெல்லாம் என்ன ஆகியிருக்கும்?"

"அதையெல்லாம் யாரு பாக்குறா?"

"நான் பாக்குறேன்."

பின்வரிசையில் கதவு நசுங்கிய பழுப்பு வண்டி ஒன்று நின்றது. டார்லா பனியில் மல்லாந்து படுத்து அடியில் டார்ச் அடித்தாள். மேலோட்டமான துருதான், எங்கும் ஓட்டை இல்லை. நாலு பனி டயர்களும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தன. பிறகு ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வட்டமடித்தாள். வண்டி இடறவில்லை, முனகவில்லை.

"ஏறு கிளைடு. ருவோனா பெரியவருக்கு இன்னைக்குக் கட்டு மாத்தணும், அவர் வீட்டு ஏத்தத்துலயே ஓட்டிப் பாத்துடலாம்."

"அங்கயா? மான்கூட வழுக்கி விழுற இடம் தாயே அது!"

ஏற்றத்தின் நடுவில் அவள் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினாள். கிளைடு கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டான். அவள் மெல்ல மிதித்தாள். சக்கரங்கள் ஒரு கணம் வழுக்கின, பிறகு பற்றிக்கொண்டன. வண்டி நிதானமாக ஏறி வாசலில் போய் நின்றது.

டார்லா பையை எடுத்தாள். "வா, பெரியவர் காலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேணும்."

உள்ளே டார்லா கட்டைப் பிரிக்க, கிளைடு சுவரைப் பார்த்தபடியே காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். எண்பது வயது ருவோனா அவனை உற்றுப் பார்த்தார்.

"புது நர்ஸா? புண்ணு எனக்கு, முகம் வெளுத்தது இவனுக்கு!"

புண் ஆறிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது ஆளுக்கொரு துண்டு ஏலக்காய் ரொட்டி கொடுத்தார்.

இறக்கத்தில் டார்லா வண்டியைச் சின்ன கியரில் போட்டு ஊர்ந்தாள்.

"இப்பதான் ஜோரா ஏறிச்சே, பின்ன என்ன பயம்?" என்றான் கிளைடு.

"ஏறுறதுக்குத்தான் நாலு சக்கர இழுவை. நிக்கிறதுக்கு டயரும் என் புத்தியும்தான்." அடிவாரத்தில் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். நேர்கோட்டில் நின்றது. "பேப்பரை ரெடி பண்ணு, இதையே எடுத்துக்குறேன்."

"சரி, முதல்ல என்னைக் கடையில இறக்கி விடு."

"வழியில இன்னும் ரெண்டு வீடு இருக்கு," என்று சொல்லி டார்லா வடக்கே திருப்பினாள்.