நாலாவது பாட்டில் வரும் கோயில்

நேற்றுக் காலை என் மகன் ஷர்வின் ரவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பும்போதே என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். 'நாலாம் லயம்' என்று நான்கு தடிப்பயல்கள் சேர்ந்து ஒரு பேண்ட் நடத்துகிறார்கள். அவர்கள் பாட்டில் வரும் இடங்களையெல்லாம் வரிசையாகப் போய்ப் பார்க்கப் போகிறானாம். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பாட்டுக்குப் பின்னால் அலைகிறாயே, உருப்படுவாயா என்று கத்தினேன். அந்தக் கோபத்தில் இன்சுலினை ஐஸ்பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். பதினொரு வயதிலிருந்து அவனுக்கு ஊசி. பத்தொன்பது வயதாகியும் நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும். நேற்று ஞாபகப்படுத்தவில்லை, திட்டுவதிலேயே மும்முரமாக இருந்தேன்.

சாயங்காலமே அவன் போன் செத்துவிட்டது. போலீசில் சொல்லியாயிற்று. இன்று விடிந்ததும் மகள் நித்தியா காரை எடுத்தாள். மடியில் இன்சுலின் வைத்த ஐஸ் டப்பாவோடு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் அணைத்துத் தொலை என்று தலையில் அடித்துக்கொண்ட அதே பாட்டுகளை, வழிநெடுக ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

முதல் பாட்டு கோலா குபு பாரு ரயில் ஸ்டேஷன். அங்கே ஒருவருக்கும் அவனைத் தெரியவில்லை. இரண்டாவது, தஞ்சோங் காராங் வாய்க்கால் பாலம். பாலத்தடிக் கடைக்கார மலாய்க்காரம்மா போட்டோவைப் பார்த்ததும் தலையாட்டினாள். நேற்று மத்தியானம் வந்தானாம். மூன்று பாட்டில் தண்ணீரை நின்ற இடத்திலேயே குடித்துவிட்டு, இன்னும் மூன்று வாங்கிக்கொண்டு போனானாம். நானும் நித்தியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சர்க்கரை ஏறினால்தான் அவனுக்கு அப்படித் தாகம் எடுக்கும்.

மூன்றாவது, கோலா சிலாங்கூர் படகுத்துறை. அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சலாவுதீன் பாய் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். பையன் வெளியே பெஞ்சில் படுத்துக் கிடந்தானாம், இரண்டு தடவை வாந்தி எடுத்தானாம், விடிந்ததும் தள்ளாடிக்கொண்டே மோட்டாரில் ஏறினானாம்.

"தண்ணி போட்டிருக்குன்னு நெனச்சு வெரட்டி விட்டுட்டேன்மா" என்றார். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

நாலாவது பாட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. புக்கிட் ரோத்தான் பக்கம், ரப்பர்த் தோட்டத்து இரண்டாம் டிவிஷன் முனியாண்டி கோயில். நான் பிறந்த தோட்டம். அதை விற்று, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்தபோது நாங்கள் பிடிமண் எடுத்து, சாமியைக் கொண்டுபோய் டவுன் அடுக்குமாடிக்குப் பின்னால் வைத்தோம். எங்கள் ஆட்களுக்கு இரண்டாம் டிவிஷன் கோயில் என்றால் இன்றைக்கும் அந்த டவுன் கோயில்தான். கொஞ்சமும் யோசிக்காமல் காரை அங்கே விடச் சொன்னேன்.

பூசாரி சுகுமாறன் யாரும் வரவில்லை என்றார். வழியில் எங்காவது ஓய்ந்து உட்கார்ந்திருப்பான், எப்படியும் வருவான் என்று காத்திருந்தோம். ஒன்றரை மணி நேரம். நித்தியா காரில் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தவள், சட்டென்று இறங்கி ஓடி வந்தாள்.

"ம்மா, பாட்டுல பால்மரம் வருது, லயம் வருது. இங்க எதும்மா இருக்கு? சாமிய மாத்துனது அவனுக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் பிறந்த இடம் என்பதற்குமேல் தோட்டத்தைப் பற்றி நான் அவனிடம் வாயே திறந்ததில்லை. அங்கே கிடந்து பட்டதெல்லாம் போதும் என்றிருந்தேன். காரைத் திருப்பச் சொன்னேன்.

பழைய இடம் முழுக்க இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். உள்ளே இரண்டு மைல் போனபின் மோட்டார் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் சாமி இல்லாத வெறும் சிமெண்டு மேடை, அதன்மேல் அவன். மூச்சு வேகவேகமாக வாங்கியது. வாயில் அழுகிய பழ வாடை. சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசியைப் போட்டேன். இரண்டு பேருமாக இழுத்து வந்து பின்சீட்டில் கிடத்தினோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் நகர்ந்ததும் கண்ணைத் திறந்தான்.

"ம்மா, ஒங்க வீடு எதும்மா? தேடித் தேடிப் பாத்தேன்."

நாலாப்பக்கமும் ஒரே மாதிரி செம்பனை. எங்கள் லயம் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. கண்ணில் பட்ட ஒரு மரத்தைக் காட்டினேன்.

"அதாண்டா. அந்த எடந்தான். பாத்தியா?"

அவன் கண் மறுபடி மூடிக்கொண்டது. கன்னத்தைத் தட்டி, பாத்தியாடா, பாத்தியாடா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.