கணப்போரம் நின்ற ஒபதியா

குளிரின் கடைசி மூச்சு ஓய்ந்துகொண்டிருக்க, பீச்சு மரங்கள் இலைக்கு முந்திப் பூவைப் போர்த்து நிற்க, அலபாமா ஆறு செம்மண் கரைத்த நீரோடு வளைந்து வளைந்து இறங்க, அதன் மேட்டிலே மாண்ட்கமரி நகர் மாலை வெயிலில் பொற்குடம்போல் மின்னிக்கொண்டிருந்தது. அந்நகரின் அங்காடித் தெரு ஒன்றே போதும், அறிவுடையீர், அந்நாட்டின் நெஞ்சைப் படித்துவிடலாம். கீழ்முனையில் நீரூற்று, அதன் அருகே ஆடவரையும் பெண்டிரையும் ஏற்றி நிறுத்தி விலைகூறும் மேடை. மேல்முனையில், குன்றின்மேல், வெண்தூண்கள் தாங்கிய ஆட்சிமன்றம். அடிமைமுறையைக் காக்கவெனப் பழைய ஒன்றியத்தை உதறிப் பிரிந்த மாநிலங்களின் பேராளர்கள் அம்மன்றத்தில் அமர்ந்து, தங்கள் புதுநாட்டுக்கு அடிப்படைச் சட்டம் யாத்துக்கொண்டிருந்தனர். யாத்தனர் என்றா சொன்னேன்? முழங்கினர் என்க. ஒருவர் பேச எழுந்து அமர்வதற்குள் எதிரே இருந்தவரின் தாடி ஒரு சாண் வளர்ந்துவிடும். அவர்கள் வாயிலிருந்து உதிர்ந்த 'உரிமை' என்னும் சொல்லை மட்டும் கூட்டி அள்ளினால் நூறு மாட்டுவண்டி கொள்ளாது.

கதவடைத்துப் பேசும் வேளைகளில் செய்தித்தாள்காரரும், பட்டுச் சலசலக்க மேன்மாடத்தில் வீற்றிருந்த சீமாட்டியரும் வெளியேற்றப்படுவர்.

"வெளியாள் யாராச்சும் உள்ள இருக்காங்களாப்பா?" என்று முன்வரிசைப் பேராளர் ஒருவர் வினவுவார்.

"ஈ காக்கா இல்லீங்க!" என்று வாயிற்காவலன் நெஞ்சு நிமிர்த்துவான்.

அவன் முதுகுக்குப் பின்னே, கணப்பின்முன் குந்தி, எரிகின்ற விறகைப் புரட்டிக்கொண்டிருப்பான் ஒபதியா. பேராளர் கிராடக் என்பாரின் அடிமை; தண்ணீர் தரவும் தீ வளர்க்கவும் தம் உடைமையை அவைக்கு அவர் இரவல் தந்திருந்தார். நாற்காலியை வெளியேற்ற யாருக்குத் தோன்றும்? அவ்வாறே அவனையும் யாரும் வெளியேற்றவில்லை.

அவன் செவிகளோ வேறெதையும் நாடாமல் ஒன்றையே நாடின. ஈராண்டுக்கு முன் மஞ்சள் காய்ச்சல் நகரைச் சூறையாடியபோது, உற்றாரும் மருத்துவரும் ஓடிப்போக, கிராடக்கை மடியில் கிடத்திச் சாவின் வாயிலிருந்து மீட்டவன் ஒபதியா. பிழைத்தெழுந்த அவர், கண்ணீர் மல்க, "உன் மக டெம்பியை நீராவிக் கப்பல்ல ஏத்தி, அடிமையே இல்லாத ஒகாயோ கரையில இறக்கி, சுதந்திரமா விட்டுடறேன்" என்று வாக்களித்தார்; பின்னர் ஒவ்வொரு சாக்காய் நாட்களைத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் "இந்தப் புதுச்சட்டம் மட்டும் முடியட்டும்" என்றார். ஆகவே, சட்டத்தின் ஒவ்வொரு விதியும் படிக்கப்படுகையில், மகளின் உயிரையே எடைபோடுவது போல் அவன் மூச்சடக்கிக் கேட்டிருந்தான்.

மாலையில், அடுக்களையில் சட்டைக்குத் தேய்ப்புப் பெட்டி போட்டுக்கொண்டிருந்த டெம்பி நகைத்தாள். "என்னப்பா, இன்னிக்கும் முழங்கித் தள்ளுனாங்களா?"

"முழங்குன முழக்கத்துல எரியற விறகே பயந்து அணைஞ்சுபோச்சும்மா."

"நம்மளப் பத்தி என்னதான் எழுதுறாங்க?"

அவன் பலகணியை ஒருமுறை நோக்கிக் குரலைத் தாழ்த்தினான். "அடிமைங்கிற உடைமையைப் பறிக்கவோ குறைக்கவோ சட்டமே போடக்கூடாதாம். எசமான் நம்மள எந்த மாநிலத்துக்கு இழுத்துட்டுப் போனாலும் அங்கயும் நாம உடைமைதானாம். இனிமே புதுசா நிலம் சேர்ந்தா அங்கயும் இதே கதிதான்."

"எசமானே மனசு வச்சு விட்டா?"

"அதைத் தடுக்க ஒரு வரிகூட இல்ல. நல்லாக் காது கொடுத்துக் கேட்டேன்."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் இடுப்பில் கையூன்றினாள். "அப்போ பாருங்க, ஒகாயோவுல எவனாச்சும் 'ஏய்'னு கூப்பிட்டா நான் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன்!"

சட்டம் நிறைவேறிய நாளில் பீரங்கி முழங்கிற்று, வீடுதோறும் விளக்கேற்றினர், கிராடக் உண்ண அமர்ந்தபோது அவர் முகத்திலும் ஒரு விளக்கு எரிந்தது. கடல்கடந்து இனி அடிமைகள் வரலாகாது என்றும் அச்சட்டம் விதித்திருந்தமையால், உள்ளவரின் மதிப்பு ஏறும் என்று அவர் உள்ளம் கணக்கிட்டதோ, நாம் அறியோம். டெம்பி காப்பிக் குடுவையோடு பின்னே நிற்க, ஒபதியா தொண்டையைச் செருமினான்.

"எசமான், ஆத்துல தண்ணி நல்லா ஓடுதுங்க. கப்பலெல்லாம் கிளம்பிப் போகுதுங்க. டெம்பி…"

"அடடா, ஒபதியா!" கிராடக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். "நான் என்ன பண்ணட்டும் சொல்லு? அடிமையை யாருமே விடுவிக்கக் கூடாதுன்னு சட்டத்துல எழுதிட்டாங்களே! என் கையைக் கட்டிப்போட்டுட்டாங்கப்பா!"

குடுவையின் ஆவிக்கு அப்பால் மகளின் விழிகள் தந்தையை நோக்கின. 'அப்படியொரு வரி இல்லை' என்னும் சொல் அவன் நாநுனிவரை வந்து, வாயிலைக் கண்ட சிறைப்பறவைபோல் படபடத்தது. உரைத்தால், எவ்வாறு அறிந்தாய் என்று கேட்பார். அடைத்த கதவுக்குள் கேட்ட செவி என்று தெரிந்தபின் சாட்டை முதலில், நீரூற்று மேடை அடுத்து. அதிலும் தந்தை ஒருவனுக்கு, மகள் வேறொருவனுக்கு.

"ஆமாங்க எசமான். சட்டம்னா சட்டந்தானுங்களே."

"நீ நல்லவன். புரிஞ்சுக்கிட்டே. அந்தப் பன்றிக்கறித் தட்டை இப்படி நகர்த்து."

அவன் நகர்த்தினான்.

முற்றத்தில் அவள் அவனை மறித்தாள். "பொய்யின்னு உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு வரி இல்லைன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

"இல்லம்மா. அப்படி வரி இல்ல."

"பின்ன ஏன் வாயைத் திறக்கல?"

ஒபதியா எச்சில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினான். "ஈ காக்கா இல்லாத அந்த அறையில நானும் இல்லையேம்மா."

டெம்பி அவன் கையிலிருந்த எச்சில் தட்டுகளைத் தான் வாங்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். உயிரை உடைமையென்று எழுதியவர்கள் தங்கள் சட்டம் நிலைத்ததென்று விடியுமளவும் ஆடிப்பாடினர்; அச்சட்டமும் அவர்தம் நாடும் சில ஆண்டுகளில் புகையாய்ப் போயின. ஆனால் மகளைத் தன்னருகே இருத்திக்கொள்ளும் பொருட்டு மகளின் விடுதலையைத் தன் நாவாலேயே விழுங்கிய தந்தை ஒருவனுக்கு, அன்று கிணற்றடியில் தன்னை நிமிர்ந்து பாராது தட்டுகளைக் கழுவிய அம்மகளின் குனிந்த முதுகே சட்டமாயிற்று. அதை நீக்கும் அவை இவ்வுலகில் எங்கும் கூடவில்லை.