ரப்பர் தேய்ந்த கால்

…பெயின்ட் அடித்தாயிற்றே, இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்குத்தானே மறுபடியும் சொல்லிக்கொண்டு ஸ்வாதி அந்த வாக்கரை முனியம்மாவின் வாசலில் வைத்தாள், வெள்ளி நிறம் போய் இப்போது பச்சை, கைப்பிடியில் புது டேப், டெட்டால் ஊற்றித் தேய்த்த தேய்ப்பில் கையே எரிந்தது, ஆனால் டெட்டால் எதையெல்லாம் கழுவும்? ஆடியில் இதே தெருவில் கோதண்டராமன் செத்த மறுநாள், அவர் படுத்த பாய், தலையணையோடு, அவர் நடக்க இவள் கொடுத்திருந்த இதையும் ஏரிக்கரைச் சுடுகாட்டில் வீசியிருந்தார்கள், செத்தவர் பொருளை இந்த ஊரில் எவர் தொடுவார், இவள்தான் துப்பட்டா போட்டு மூடி ஸ்கூட்டியில் தூக்கிப் போனாள், களவாணி மாதிரி… திருடவா செய்தேன்? ஞாயிற்றுக்கிழமை தோறும் கேளம்பாக்கத்திலிருந்து வந்து இலவசமாகப் பிசியோதெரபி செய்து, கை கால் பிடித்து நடக்க வைக்கிற இவளிடம் இருந்ததே அந்த ஒரு வாக்கர், இன்னொன்று வரும் வரும் என்கிறார்கள், அதுவரை முனியம்மாவின் கால் காத்திருக்குமா, இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து ஊன்றலாம் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியும் கட்டிலை விட்டு இறங்காத கால், இறுகிக்கொண்டே வருகிறது, இன்னும் விட்டால் அந்த அம்மாள் நடக்கவே மாட்டாள். செத்தவர் கோபித்துக்கொள்வாரா என்ன?

முதலில் வாக்கர், அப்புறம் ஆபரேஷன் பண்ண கால், பயப்படாதீங்கம்மா, நான் பிடிச்சிருக்கேன்… முனியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள், வாக்கரைத் தூக்கி வைத்தாள். டக். அய்யோ, ரப்பர். பின்னங்கால் ஒன்றில் ரப்பர் தேய்ந்து இரும்பு தரையில் இடிக்கும், புது ரப்பர் வாங்கிப் பையில்தான் இருக்கிறது, காலையிலேயே மாட்டியிருக்க வேண்டும், நிறத்தை மறைக்கத் தெரிந்த புத்திக்குச் சத்தம் எப்படி மறந்தது, சாயங்காலம் டீ குடிக்கப் போய்வருகிற கோதண்டராமனைத் தெருவே இந்தச் சத்தத்தில்தானே அறியும், ஏன், அவர் போன பிறகும் கேளம்பாக்கத்தில் தன் அடுக்குமாடி வீட்டில் ராத்திரி மேல்தளத்துக்காரர்கள் நாற்காலியை நகர்த்தினால் இவளே எழுந்து உட்கார்ந்துவிடுகிறாளே… டக். முனியம்மா நின்றுவிட்டாள். “இன்னா மேடம் இது, அந்த அண்ணாத்த வர்ற மாரியே கீது.” அவள் விரல்கள் கைப்பிடியை விடப் பார்த்தன, ஸ்வாதி அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், இப்போது விட்டால் இனி இந்த ஜென்மத்தில் இதைத் தொடமாட்டாள்.

மூன்றாம் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “இன்னாய்யா, இன்னிக்கி இவ்ளோ லேட்டு?” ஈரக் கையோடு வாசலுக்கு வந்த கோதண்டராமனின் மனைவி ஞானம்பாள், அங்கேயே நின்றாள். முனியம்மாவைப் பார்த்தாள், பச்சைக் கம்பிகளைப் பார்த்தாள், கடைசியில் அந்தத் தேய்ந்த காலைப் பார்த்தாள், திட்டப்போகிறாள், மண்ணை வாரித் தூற்றப்போகிறாள், தூற்றட்டும், எனக்கு வேண்டியதுதான்… ஞானம்பாள் வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தாள். “ஏன் நின்னுட்ட முனிம்மா? நட. எங்கூட்டு வாசல் வரிக்கும் வந்துட்டுப் போ. தெனமும் வா.” அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள்.

டக். முனியம்மாவின் கால் நடுங்கிக்கொண்டே ஊன்றியது, டக், மறுபடியும் ஊன்றியது, நடக்கிறாள், நடக்கிறாளே, ஆனால் மழை பெய்தால் அந்த இரும்புக் கால் சிமென்ட் ரோட்டில் வழுக்கும், மாட்டித்தான் ஆகவேண்டும், மாட்டினால் சத்தம் நின்றுவிடும்… பைக்குள் போன கை புது ரப்பரைப் பிடித்தபடியே இருந்தது, மூடிய கண்களோடு ஞானம்பாள் காத்திருந்தாள். இரக்கப்பட்டுத்தான் எடுக்காமல் நிற்கிறோம் என்று ஸ்வாதி நினைத்தாள். ஆனால் அடுத்த டக்குக்காக அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.