நாற்பத்தொன்பதாவது பை

பசுமைக்குடிலில் நாற்பத்தெட்டுத் தொட்டிகள். எல்லாவற்றிலும் கீரை. தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அளப்பதும் எழுதுவதும் ஆராய்ச்சியாளர் வேலை. தொட்டிகளின் மேல் 0, 1, 2, 3 என்று எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று மூன்று மாதமாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கோபம் என்மேலேயே எனக்கு உண்டு.

3 போட்ட தொட்டிகளில் செடி சவலைப் பிள்ளை மாதிரி நின்றது. 1 போட்டதுதான் தளதளவென்று, 0 போட்டதைவிடச் செழிப்பாக வந்தது. வாரம் ஒருமுறை இலை பறித்து எடை போட்டு, கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பைக் கூடையில் கொட்டுவார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் தங்கைக்கு ஆறாம் மாதம். உடம்பில் ரத்தம் போதாது, கீரை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடையிலிருந்து நல்ல இலையாகப் பொறுக்கி எடுத்துப் போய், பார்த்துப் பார்த்து அவித்துக் கொடுத்தேன்.

நேற்று வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ஆராய்ச்சியாளர் குடிலைச் சுற்றிக் காட்டினார்.

"மண்ணுல ஆர்சனிக் கலந்திருக்கோம். 3-ல வேரே கருகிடுச்சு. 1-ல பாருங்க, கொஞ்சமா விஷம் ஏறினதும் செடி உஷாராயிடுது. எதிர்ப்புச் சக்திய ஏத்திக்கிட்டு, விஷத்தப் புடிச்சு இலைக்குள்ள பூட்டி வச்சுட்டு, ஜம்முனு வளருது. பாத்தா ஒண்ணுமே தெரியாது."

குழாயை மூட மறந்து நின்றேன். காலடியெல்லாம் தண்ணீர்.

வந்தவர்கள் போனதும் அவர் அறைக்குள் நுழைந்தேன். "சார், அந்தக் கீரையத்தான் வயித்துப் பிள்ளக்காரி, என் தங்கச்சி, ரெண்டு மாசமா சாப்பிடுறா."

அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் முதலில் வந்த வார்த்தை, "யாரக் கேட்டு எடுத்த?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விஷம்னு ஒரு சீட்டு எழுதி ஒட்ட உங்களுக்குக் கை வலிச்சுதா?"

"தெரிஞ்சா தண்ணி ஊத்துறவங்க செடிக்குச் செடி வித்தியாசம் காட்டுவாங்க. ஆராய்ச்சி கெட்டுடும்."

செடிக்கு ஓரவஞ்சனை நடக்கக் கூடாதாம்!

"அவ உடம்புல எவ்வளவு ஏறியிருக்குன்னு, இலையில விஷம் அளக்குற உங்க மெஷின்ல பாத்துச் சொல்லுங்க."

"அது செடிக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குப் போ."

போனேன். அங்கே அந்தச் சோதனை இல்லை. வெளியூருக்கு அனுப்பினால் முடிவு வர ஒரு மாதம் என்றார்கள். தலைமுடியிலும் அந்த விஷம் தங்கும் என்று நர்ஸ் ஒருத்தி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு பின்னலை அவிழ்த்துத் தலையைக் காட்டினாள். கத்தரிக்கோலை நான்தான் பிடித்தேன்.

இன்று காலை மெஷின் அறையில் இலைப் பொடி நிரம்பிய நாற்பத்தெட்டுப் பைகள் வரிசையாக இருந்தன. கடைசியில் என் பையை வைத்தேன். அவர்கள் எழுதுவது போலவே எழுதியிருந்தேன்: எண் 49. அளவு 1. எடுத்த இடம், தலை.

ஆராய்ச்சியாளர் வந்து பைகளை எண்ணினார். "49 ஏது? இது எந்தச் செடி?"

"உங்க கீரையத் தின்ன செடி சார். அதுக்குப் பூட்டி வைக்கத் தெரியல. இத அளக்காம மத்த எதுவும் இன்னைக்கு உள்ள போகாது."

மெஷினுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.